மூன்றாம் ஓலைக்கு முன்

9 ஜனவரி 1972, ஞாயிறு

பனி. மணலிப் பக்கத்துக் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் கந்தக வாடை.

இவர் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த டைரி. என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துக்கு இவ்வளவு வழவழப்புக் காகிதம் அதிகம்தான்.

மாதா கோயிலில் இன்று ஸ்டெல்லாவுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார் சாமியார். எண்ணூர் கம்பெனியில் வேலை செய்கிற மாப்பிள்ளை பெயர், என் மகள் பெயர், பிறகு "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்." அந்த இடத்தில் மகள் தலை குனிந்தாள். இவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் வீட்டுத் துரை, கொட்டாவி விட்டார். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். தவசு காலம் தொடங்குவதற்குள் கல்யாணம். அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, தள்ளிப்போனால் ஈஸ்டர் தாண்டித்தான்.

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா மரியபுஷ்பம் என் வயிற்றையே பார்த்தாள். முந்தானையை இழுத்து விட்டேன். அவள் கண்ணும் முந்தானை கூடவே வந்தது.

பாவாடை நாடா எட்டவில்லை. நீளமாக வேறு கோர்க்க வேண்டும்.

10, திங்கள்

ஷெட்டில் இறால் நிறைய. குந்தி உட்கார்ந்து உரித்தால் வயிறு தொடையில் இடிக்கிறது. பக்கத்தில் காதரம்மா. வண்ணாரப்பேட்டைக்காரி, நாக்கு நீளம்.

"இன்னா ரோசக்கா, மாப்ள வர்றதுக்குள்ள மச்சான் வந்துடுவான் போல கீதே."

"ஆமாண்டி. பொண்ணுக்குத் தாலி, ஆத்தாளுக்கு வளையல், ரெண்டும் ஒரே பந்தல்ல."

ஷெட்டே சிரித்தது. நானும். சிரித்தால் இடப்பக்கம் அடிவயிற்றில் ஒரு இழுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சம் சிரித்தேன்.

நாற்பத்தாறு வயசு. தூரம் இரண்டு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அது நிற்கிற வயசுதான். ஆனால் வயிறு ஏன்?

11, செவ்வாய்

மகளிடம் மளிகைக்குப் போவதாகப் பொய். பிரசவ ஆஸ்பத்திரி. பெஞ்சில் எல்லாம் சின்னப் பெண்கள். ஒருத்தி எழுந்து இடம் விட்டாள். "உக்காரு ஆயா." ஆயாவாம். அவள் வயிற்றை விட என் வயிறு பெரிசு.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். உள்ளேயும் பார்த்தாள். முகம் மாறவில்லை. பேச்சு மட்டும் மெதுவானது.

"குழந்தை இல்லம்மா. சினைப்பையில கட்டி."

"சினை மீனுக்குத்தானே டாக்டரம்மா."

"உனக்கும் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு."

எத்தனை வஞ்சிரம், எத்தனை கெளுத்தி அறுத்திருப்பேன். எனக்குள்ளும் உண்டு என்று இன்றுதான் தெரியும்.

அவள் சொன்னது, மறக்காமல் இருக்க:

சின்ன நீர்க்கட்டி நிறையப் பெண்களுக்கு வரும். தானே வற்றிப்போகும். அதற்குப் பயம் வேண்டாம்.

என்னுடையது பெரிசு. தூரம் நிற்கிற வயசில் இப்படி வளர்கிறதை விட்டுவைக்கக் கூடாது. ஒரு பக்கம் கெட்டியாக இருக்கிறதாம், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்லதா கெட்டதா, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

திடீரென்று பொறுக்க முடியாத வலி, வாந்தி, காய்ச்சல், மயக்கம் வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லை உடைந்திருக்கும். அன்றைக்கே வர வேண்டும். மறுநாள் ஆகாது.

"இந்த வாரமே வந்து படுத்துக்கோ."

"பொண்ணுக்கு ஓலை வாசிச்சிகினு கீறாங்க. அது முடியட்டும்மா."

"கட்டிக்கு ஓலை தெரியுமா?"

நல்ல வாய். ஷெட்டில் இருந்தால் எனக்கு ஜோடி.

14, வெள்ளி

பொங்கல். எதிர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வயிற்றில் இடமே இல்லாத மாதிரி.

"இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் இவர்.

"உன் மூஞ்சியப் பாத்துகினே துன்னா எப்டி எறங்கும்."

சிரித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போனார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவர் முகத்திலேயே மகள் படித்துவிடுவாள். அம்மா ஆஸ்பத்திரியில், எனக்கு எதற்குக் கல்யாணம் என்பாள்.

16, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை யாரும் சொல்லவில்லை. பூசை முடிந்து மரியபுஷ்பம் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எத்தினி மாசம் சம்பந்தி? ஊரே பேசிகினு கீது."

பையனுக்கு முதலில் பார்த்த பெண்ணை இவள் ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு மார்பில் கட்டியாம். ஆத்தா ஒடம்புதான் பொண்ணுக்கும் வரும் என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னவள்.

"நாலு மாசம்" என்றேன்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கிற வயசுல. வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட்டா இது எப்டி வரும் சம்பந்தி."

காறித் துப்பிவிட்டுப் போனாள். போகட்டும். வெட்கம் கல்யாணத்தை நிறுத்தாது. கட்டி நிறுத்தும்.

19, புதன்

ஷெட்டில் வலி. கையில் இறால், கண்ணில் இருட்டு. காதரம்மா தண்ணீர் தெளித்தாள். கேலி இல்லை இன்றைக்கு.

"ஆறு பெத்த ஒடம்பு எனுது. புள்ள இப்டி வலிக்காது. இன்னாத்த மறைக்கிற நீ?"

"கம்முனு உரிடி."

கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. மயக்கம் பாதிதான். டாக்டரம்மா பாதி மயக்கத்துக்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீல்.

குளிக்கும்போது தொட்டுப் பார்த்தேன். பிள்ளை என்றால் அசையும். இது அசைவதில்லை. சும்மா இருக்கிறது.

21, வெள்ளி

மெழுகுவத்தி. பெண் தலைக்கு வலை முக்காடு. ஸ்டெல்லா ரவிக்கை கல்மண்டபத்துத் தையல்காரனிடம், சனிக்கிழமை வாங்க வேண்டும். மோதிர அளவு.

ஞாயிறு ஓலை முடியும். திங்கள் காலை போய்ப் படுத்துவிடுவேன்.

சாப்பிடவில்லை.

22, சனி

விடிந்ததிலிருந்து வலி. நிற்கவே இல்லை. வாந்தி, திரும்பவும் வாந்தி. நெற்றி கொதிக்கிறது. இவர் டபுள் ஷிப்ட். ஸ்டெல்லா ரவிக்கை வாங்கப் போயிருக்கிறாள், அவள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் அரிந்தேன். நாளைக் காலைப் பூசை வரை தாங்கினால் போதும்.

அந்த நேரம் பார்த்து மரியபுஷ்பம். புடவைக் கலர் கேட்க வந்தாளாம். நான் தரையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். குனிந்து வயிற்றில் கை வைத்தாள். கத்திவிட்டேன்.

"இது புள்ள இல்ல."

"இல்ல."

"அப்பறம் இன்னாது?"

நக்கலாக ஏதாவது சொல்லத் தேடினேன். வலிதான் வந்தது.

"கட்டி. முறுக்கிக்கினு கீது போல. இப்டி வலிச்சா அன்னிக்கே வரணும்னாங்க ஆஸ்பத்திரில."

"எப்பலேந்து தெரியும் உனக்கு?"

"மொத ஓலைக்கு அப்பறம்."

கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அரிந்த வெங்காயத்தைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறு என்று இறங்கிப் போனாள்.

ஜன்னல் வரை நகர்ந்து, சம்பந்தி என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினாள். ரிக்‌ஷா ஸ்டாண்டும் அந்தப் பக்கம்தான். நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டிய சாமியார் பங்களாவும் அந்தப் பக்கம்தான்.