தாய்மாமன் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்பவும் வேண்டாம். வடகவுஞ்சி சேனாதிபதியாகிய நான், பீன்ஸ் தோட்டத்துக்கு அதிபதி, ஒரு கிழட்டு ஜீப்புக்குச் சாரதி, காட்டெருமைகளுக்கு அன்னதானப் பிரபு, இதனால் அறிவிப்பது: தங்கச்சி லீலாவின் மகள் சுசித்ராவுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது! பழனி ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்துக்கொண்டே அந்தப் பாஷையைப் படித்துப் பாஸ் பண்ணியிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் கொடைக்கானல் ஏரியில் நாலு படகு கவிழ்ந்ததாகத் தகவல்.

லீலா மட்டும் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. "இங்க இல்லாத நோயாளியா அங்க படுத்துக் கெடக்கான்?" என்றாள்.

மார்ச் 4

அனுப்ப மாட்டேன் என்கிறாள் லீலா. மச்சான் போய்ச் சேர்ந்தாயிற்று. மூத்தவன் செல்வமுருகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியே கதி. இவளும் போனால் அந்த வீட்டில் லீலாவும் கோழிகளும்தான் மிச்சம். அது எனக்கும் தெரியாமல் இல்லை.

சுசித்ரா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "அம்மா சொல்லாம நான் போகல மாமா." மாதக் கடைசிக்குள் ஜெர்மனிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 6

விசாரணைக் கமிஷன் அமைத்துவிட்டேன். தலைவர், உறுப்பினர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே. விசாரணைப் பொருள்: மனிதன் பிறந்த இடத்தை விட்டு ஏன் போகிறான்?

முதல் சாட்சி பக்கத்துத் தோட்டத்து நல்லசாமி. நிலத்தை ரிசார்ட்காரருக்கு விற்றுவிட்டுப் பாலசமுத்திரத்துக்கு இறங்கப்போகிறவர். "எருமை திங்கிறதுக்கு நான் எதுக்குய்யா வெதைக்கணும்?" என்றார். நியாயம்தானே? முந்தாநாள் என் தோட்டத்துக்கு வந்த எருமை வீட்டுக் கூரையைவிட ஒரு முழம் உயரம். புகைபோக்கியில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிற்று.

இரண்டாம் சாட்சி சுக்ராம். ஜார்க்கண்டிலிருந்து வந்து நல்லசாமியிடம் வேலை பார்ப்பவன். ஏன்டா இவ்வளவு தூரம் என்றேன். "அங்க யானை, அண்ணா. நெல்லு எல்லாம் போச்சு. இங்க எருமைதான்."

அடடா! உலகமே திகைக்கப்போகும் கண்டுபிடிப்பு! மனிதகுலம் பெரிய மிருகத்திடமிருந்து சின்ன மிருகத்தை நோக்கி நகர்கிறது. அப்படியானால் ஜெர்மனியில் முயல் இருந்தாலே அதிகம். ஓடிப்போய் லீலாவிடம் சொன்னேன்.

"ஒன் கமிஷனத் தூக்கி ஒலையில போடு."

மார்ச் 8

மூன்றாம் சாட்சி சுசித்ரா. ஜீப்பில் பழனிக்கு இறங்கும்போது விசாரித்தேன்.

"பணத்துக்கா புள்ள?"

"அதுவுந்தான்."

"பெறகு?"

"பஸ்ஸுல ஏறினா கண்டக்டர், லீலா மகதானேங்கிறாரு. ஆஸ்பத்திரியில பேஷண்ட்டு, சேனாதிபதி மருமகளாங்கிறாரு. ஒருத்தருக்கும் என்னயத் தெரியாத எடத்துல ஒரு தடவையாச்சும் போயி நின்னு, எம்பேரு சுசித்ரான்னு நானே சொல்லணும் மாமா."

வளைவில் ஹாரன் அடிக்க மறந்துபோனேன். கமிஷன் கலைக்கப்பட்டது. இவள் போயே ஆகவேண்டும்!

மார்ச் 11

லீலாவின் தீர்ப்பு வந்துவிட்டது. "நானும் சொல்லல, நீயும் சொல்ல வேணாம். சாமிகிட்டப் பூக் கேப்போம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் முருகன் காலடியில் வைத்து ஒருவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். பொட்டலம் கட்டுவது தாய்மாமன் பொறுப்பாம்.

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்துவிட்டாள்!

மார்ச் 14, வெள்ளி

வெள்ளனே எழுந்து சிவப்பு அரளி தேடினேன். மலை மலையாகத் தேடினேன். கொல்லையில் கைக்கெட்டும் தூரத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்ததைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினேன். கிடைக்கவில்லை. நான் என்ன செய்வேன்? இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன்.

எடுக்கிறவர் நடுநிலையாக இருக்க வேண்டுமென்று சுக்ராமைக் கூட்டிப்போனேன். எடுத்தான், பிரித்தான். வெள்ளை! நான் குதித்த குதியில் கோவில் மணி தானாக அடித்தது. அதுவரை கண்ணை இறுக மூடியபடி நின்ற லீலா பூவைப் பார்த்தாள். "சரி, போகட்டும்" என்றாள். சுசித்ரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பூசாரி நீட்டிய திருநீற்றை வாங்கிக்கொண்டு திரும்பினால் — இரண்டாவது பொட்டலத்தைக் காணோம்.

யார் எடுத்தது? சுக்ராமா? பூசாரியா? முருகனே எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானா?

மார்ச் 15

தூக்கமில்லை. லீலாவுக்குத் தெரிந்தால் செத்தேன்.

மார்ச் 17

லீலா வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடி. "வெரசா வந்து இடிண்ணே, புள்ளைக்குப் பொடி குடுத்து விடணும்." முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மே 18, ஞாயிறு

மதுரை விமான நிலையம். வாசலில் நின்ற காவலர் சுசித்ராவின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பெயரைக் கேட்டார். எங்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். போய்விட்டாள். நான் அடித்த சல்யூட்டில் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் மேலே ஏறியது.

வீடு வந்ததும் லீலா நேரே கோழிகளை அடைக்கப் போய்விட்டாள்.

ஜூன் 8, ஞாயிறு

வீடியோ காலில் சுசித்ரா, வெள்ளைச் சீருடையில்! வார்டில் ஒரு கிழவர் அவள் பெயரை மூன்று நாள் பழகிச் சரியாகச் சொல்லிவிட்டாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். லீலா இப்போது கோழிகளுக்குத் தீனி போடும்போதே 'குட்டன் மார்கன்' என்று ஜெர்மனில் காலை வணக்கம் சொல்கிறாள். சேவல் பதில் சொல்கிறது.

போனை வைத்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. "லீலா, அந்தப் பூவு…" என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டும் வெள்ளை. மத்தத நாந்தான் எடுத்து மடியில வச்சேன்."

"அப்பவே தெரியுமா? பெறகு ஏன் போகட்டும்ன?"

"போன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே. ஒன்னைய எதுக்குக் கட்டச் சொன்னேன்னு நெனச்ச? நீ எங்க அன்னைக்குப் பாத்து யோக்கியனாயி செவப்ப வச்சுக் கட்டிருவியோன்னுதான் கண்ணை மூடிக்கிட்டு நின்னேன்."

இந்த நோட்டைப் படிக்கிறவர்கள் எருமையின் உயரத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். படகு ஒன்றும் கவிழவில்லை. சேவலின் ஜெர்மன் என் கைச்சரக்கு. லீலா சொன்னது மட்டும் நிஜம். அதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.