தெரிந்தே வாங்கினேன்

அக்கா,

உன் மகள் படிக்கும் பள்ளியின் நூலகத்தில் இருக்கும் நாவலைப் பற்றி நீ கொடுத்த புகாரைப் பார்த்தேன். முதல் கையெழுத்தே உன்னுடையது. அந்தப் பள்ளியின் நூலகர் உன் தங்கைதான் என்பதை மறந்துவிட்டாயா, நினைவு வைத்துக்கொண்டுதான் எழுதினாயா?

நேற்றுக் காலை தலைமையாசிரியர் கூப்பிட்டார். "தெரியாம வாங்கிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம், இதோட முடிஞ்சிரும்" என்றார்.

"தெரிஞ்சுதான் சார் வாங்கினேன். மூணு தடவை படிச்சுட்டு வாங்கினேன்."

நாவலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நானும் வர வேண்டாமாம். வேலை போனால் போகட்டும், அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

நீ 'அசிங்கம்' என்று குறிப்பிட்டிருக்கும் அத்தியாயத்தில், பதின்மூன்று வயதுப் பெண் வீட்டுக்கு வந்துபோகும் உறவினரைப் பற்றித் தன் அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா நம்புகிறாள். அவ்வளவுதான். நம் வீட்டுக்கு மாமா வரும்போதெல்லாம் என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நீ மட்டும் வெளியே நிற்பாய். நீ அம்மாவிடம் சொன்ன அன்று உன் கன்னத்தில் விழுந்த அறை எனக்கும் கேட்டது. அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை.

நேற்று மாலை உன் மகள் நூலகத்துக்கு வந்தாள். "சித்தி, அந்த நாவல்ல வர்ற பொண்ணு மாதிரி நானும் சொன்னா எங்கம்மா நம்புவாங்களா?" என்றாள்.

என்ன ஆயிற்று என்று பதறிப்போய்க் கேட்டேன். "அம்மாகிட்டதான் சொல்லுவேன்" என்று பிடிவாதமாக நின்றாள்.

"உங்கம்மா கண்டிப்பா நம்புவா" என்று சொல்லி, என் சொந்தப் பிரதியை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.

அதைப் பிடுங்காதே. இன்றே அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

உன் தங்கை