அடுப்பு விளம்பரத்தில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா?

இணையத்தில் வரும் படங்களில் என்ன இருக்கிறதென்று எழுதுவதுதான் என் வேலை. கண் தெரியாதவர்களுக்கு அவர்களுடைய போன் அதை வாசித்துச் சொல்லும். ஒரு நாளைக்கு இருநூறு படம். பார்த்துப் பார்த்து எதுவும் மனசில் ஒட்டுவதில்லை.

நேற்று ஓர் அடுப்பு விளம்பரம். பார்வையில்லாத எங்கள் மேலதிகாரி நான் எழுதியதைப் போனில் கேட்டுவிட்டு, "‘அம்மா அடுப்பு துடைக்கிறாள்’னு வருதே, யாரோட அம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அழித்துவிட்டு ‘ஒரு பெண்’ என்று போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி உன்னை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தலை சீவாவிட்டாலும் பரவாயில்லை. இடைவேளை முடிந்தது, நிறுத்துகிறேன். அந்த ஒரு படத்துக்கு நான் எதுவும் எழுத வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உன் சின்னவள்