கல்லில் வெட்ட வேண்டிய பெயர்

1. இம்மடலை எழுதும் நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வசிப்பவன். கொழும்பில் தொடங்கிய சட்டப் படிப்பை இந்நாட்டில் முடித்து, ஓய்வு பெறும் வரை சட்ட ஆலோசகராக வேலை செய்தவன்.

2. இது என் நண்பருக்கு எழுதப்படுகிறது. அவர் மட்டக்களப்புக் கரையோரத்தவர்; ஹேர்னிங்கில் துணிக்குச் சாயம் தோய்க்கும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர்; இவ்வாண்டு இலையுதிர்காலத் தொடக்கத்தில் காலமானவர். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் கீழே வரும்.

3. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே சொல்கிறேன்.

என் மேசையில் ஒரு தாள் கிடக்கிறது. கல்லறைக் கல் வெட்டுபவர் அனுப்பிய மாதிரிப் படம் அது. சாம்பல் நிறக் கல், நடுவில் ஒரு பெயர், கீழே இரண்டு ஆண்டுகள், மேலே சிறு சிலுவை. சரிபார்த்தவர் ஒப்பமிட மூலையில் ஒரு கோடு. நண்பரே, உமது மனைவி செல்வராணி மூன்று வாரங்களுக்கு முன் இதை என் கையில் தந்தார். நிலம் உறைவதற்கு முன் கல்லை நாட்ட வேண்டுமாம். நாளை வெள்ளிக்கிழமை கடைசி நாள். கோடு இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

"அண்ணை, இதில பேர் சரியோ?" என்று அவர் கேட்டார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லைத் தங்கச்சி."

"நான் எழுத்தைக் கேக்கேல்லை."

அதன்பின் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் உமது கடைசி நாளில் தாதி வந்து உம்முடைய பெயரைக் கேட்டாராம். நீர் ஒரு பெயரைச் சொன்னீராம். அது கையில் கட்டியிருந்த பட்டியிலிருந்த பெயர் அல்ல. தாதி மீண்டும் கேட்க, நீர் மீண்டும் அதையே சொன்னீராம். 'நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்' என்று தாதி பதிந்துவிட்டுப் போனாராம்.

"இவர் குழம்பேல்லை அண்ணை. நல்ல தெளிவாச் சொன்னவர். கலியாணம் கட்டேக்க, ஊர்க்கதை ஒண்டும் கேக்கக் கூடாது எண்டவர். இருபத்தாறு வருசம் நான் கேக்கேல்லை. இப்ப உங்களிட்டைக் கேக்கிறன். இவருக்கு வேறை பேர் இருந்ததோ?"

எனக்கு விடை தெரியும். நான் சொன்ன பதில், "எனக்குக் கொஞ்சம் நேரம் தாங்கோ" என்பது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகல். எங்கோ ஒரு பெருநகரத்தில் நடந்த ஜெர்மன் இசைநாடகத்தை ஹேர்னிங் திரையரங்கொன்றில் நேரடியாகக் காட்டினார்கள். இரண்டு சீட்டும் நீரே எடுத்திருந்தீர். சாயத் தொட்டிகளுக்கிடையே பகல் முழுதும் வானொலி கேட்டு வளர்ந்த ரசனை உமக்கு. எனக்கோ அது முதல் தடவை. முதல் அங்கத்தின் நடுவே உமது முழங்கை என் விலாவில் இடித்தது.

"பிறக்கிராசியார், நித்திரை கொள்ளாதையும். இனித்தான் வழக்கு."

வக்கீலைக் குறிக்கும் அந்தப் பழைய ஊர்ச்சொல்லால்தான் நீர் என்னைக் கேலி செய்வீர். வழக்குத்தான். பிரபுவின் மகள் ஒருத்தி தன் தம்பியைக் கொன்றாள் என்று குற்றச்சாட்டு. கண்ட சாட்சி இல்லை. ஆகவே இரு வீரர்கள் வாளால் மோத வேண்டும். வெல்பவன் பக்கம் கடவுள் தீர்ப்பு. அன்னம் இழுத்த படகில் ஒருவன் வந்து அவளுக்காக நிற்கிறான். ஒரே நிபந்தனை: அவன் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான் என்று அவள் ஒருநாளும் கேட்கக் கூடாது.

இரண்டாவது இடைவேளையில் கோப்பியோடு வந்து அமர்ந்தீர். நூலகத்தில் எடுத்துப் படித்த சரித்திரத்தையெல்லாம் என்னிடம் கொட்டினீர். அந்த நாடகத்தில் வரும் அரசன் கற்பனை அல்ல, பத்தாம் நூற்றாண்டில் ஆண்டவன். ஹங்கேரியர்களோடு ஒன்பது ஆண்டு போர்நிறுத்தம் செய்து, அந்த இடைவெளியில் கோட்டைகளைக் கட்டியவன். டென்மார்க்கின் தெற்கு எல்லையில் டேனியர்களையும் அடித்துப் பணியவைத்தவன். "எங்கட சனத்துக்கும் அடிச்சிருக்கிறான்" என்றீர். எங்கட சனம் என்று நீர் சொன்னது டேனியர்களை. ஆனால் கதை நடக்கும் அந்தப் பிரபு நாடு அவன் காலத்தில் அந்த வடிவில் இருக்கவேயில்லை, பின்னால்தான் உருவானது என்றீர்.

"இதைக் கேளும் ஐசே. அன்னத்தில வந்தவன்ர பரம்பரை நாங்கள்தான் எண்டு பெரிய பெரிய பிரபுக் குடும்பங்கள் புழுகித் திரிஞ்சதாம். ஊர் தெரியாது, பேர் தெரியாது. அவன்ர வழியில வந்ததெண்டு பெருமை. எங்கட ஆக்கள் எண்டால் விடுவாங்களே? ஆர் எவர் எண்டு ஏழு தலைமுறை விசாரிச்சிருப்பாங்கள்."

நான் சிரித்தேன். வாளால் உண்மையை நிறுவும் சட்டத்தைப் பற்றி ஏதோ ஏளனமாகவும் சொன்னேன். அதற்குத்தான் நீர் அந்த இன்னொரு வழியைச் சொன்னீர்.

"எல்லாத்துக்கும் வாள் தூக்கேல்லை. இந்த நாட்டிலயே இருந்திருக்கு. குற்றம் சுமத்தப்பட்டவன் சத்தியம் பண்ணுவான். அவனோட பன்னிரண்டு பேர் வந்து நிப்பினம். ஒருத்தரும் ஒண்டையும் கண்டிருக்க மாட்டினம். நடந்தது இதுதான் எண்டு அவை சொல்லவுமில்லை. 'இந்த மனிசன்ர சத்தியம் சுத்தமானது', அவ்வளவுதான் சத்தியம்."

"அது சாட்சியம் இல்லை. கூட்டுச் சேருறது" என்றேன்.

"ஓம். கூட்டுத்தான் எனக்குத் தேவை."

பிறகு, கோப்பிக் குவளையைப் பார்த்தபடியே உமது பெயரைச் சொன்னீர்.

இதை வாசிக்கும் வெளியாருக்கு ஒன்றை விளக்க வேண்டும். நாங்கள் வந்திறங்கிய அகதி முகாமில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவர் அதிகாரிகளிடம் என்ன பெயர் கொடுத்தார், என்ன கதை சொன்னார் என்று மற்றவர் கேட்பதில்லை. ஒரே கட்டிலின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் படுத்தவர்கள்கூடக் கேட்டதில்லை. பயண முகவர் எவனுடைய கடவுச்சீட்டைத் தந்தானோ, அவனுடைய பெயரோடு இறங்கியவர்கள் பலர். அது ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளும் மரியாதை. நீரும் அப்படி இறங்கியவர்தான். அந்தப் பெயருக்கு உரியவர் யாரென்று உமக்கே தெரியாது. செல்வராணி ஆண்டுதோறும் அந்தக் கடவுச்சீட்டுத் திகதியில் கேக் வெட்டுவாராம். "பிறந்தநாள் அவனுக்கு, கேக் எனக்கு" என்றீர். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கேட்டீர்:

"என்ர பேரை நான் திருப்பி எடுக்கப் போறன். நகரசபையில போய்ச் சொல்லப் போறன். நீர் எனக்கு நிப்பீரோ?"

அப்போது நான் செய்ததை, சட்டம் படித்த யாழ்ப்பாணத்தான் ஒருவனால்தான் செய்ய முடியும். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டோடு எரிந்துவிட்டது என்றீர். ஞானஸ்நானப் பதிவேடு? அது இருந்த கோயிலைச் சுனாமியில் கடல் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழ்? இல்லை. அடையாளம் சொல்லக்கூடிய உறவினர்? அம்மா இல்லை, தம்பியை வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை.

"அப்ப நான் எதை வைச்சுக் கையெழுத்து வைக்கிறது?"

"என்னை வைச்சு" என்றீர்.

கடைசி அங்கத்துக்கு மணி அடித்தது. நான் குவளையை வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பும் வழியில், கார் உம்முடைய வீட்டு வாசலை அடையும் வரை, பொய்த் தகவல் கொடுத்தமைக்கான தண்டனை, குடியுரிமைக்கு வரக்கூடிய ஆபத்து, மகள் அனாவின் நிலை என்று வரிசையாக விளக்கினேன். சொன்னதில் எதுவும் தவறல்ல. அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. நீர் இறங்கும்போது, "சரி ஐசே, விடும்" என்றீர். பிறகு ஒருநாளும் அதைக் கதைக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எடுக்காதது உம்மைக் காப்பதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செல்வராணியிடம் வாங்கிய மூன்று வாரத்தையும் அதே விதமாகத்தான் செலவழித்தேன். பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதினேன். மறைமாவட்டத்துக்கு எழுதினேன். உம்முடைய ஊர்ப்பக்கத்தார் ஒருவர் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் காரில் போனேன். அவர் உமக்குப் பத்து வயது இளையவர். தேத்தண்ணீர் தந்தார், தெரியாது என்று தலையை ஆட்டினார். கடைசிக் கடிதத்துக்கான பதில் நேற்று வந்தது: நீர் பிறந்த ஆண்டின் பதிவுப் புத்தகங்கள் இல்லை. இனி எழுத இடமில்லை. ஐயா, உம்மை இந்த உலகத்தில் பிறந்தவர் என்று காட்ட ஒரு துண்டுத் தாள் எனக்குக் கிடைக்கவில்லை. இரவல் பெயருக்கு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, முத்திரையோடு.

இன்று காலை செல்வராணியிடம் போனேன். சமையலறை மேசையருகே அனாவும் இருந்தாள். நீர் சொன்ன பெயரைச் சொன்னேன். தாதியிடம் சொன்னதும் அதுதான் என்றார் செல்வராணி. அனா அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு டேனிஷில் கேட்டாள், அது உண்மையா என்று.

"அதுக்குச் சான்று இல்லைப் பிள்ளை. அது உண்மை எண்டு என்னால நிரூபிக்க ஏலாது."

"நீங்கள் நம்புறீங்களோ, இல்லையோ?" தாய் கேட்டார்.

"நம்புறன்."

"எப்ப இருந்து?"

"அவர் சொன்ன நாளில இருந்து."

நான் கொண்டுபோயிருந்த மாதிரிப் படத்தைச் செல்வராணி என் முன்னால் நகர்த்தினார். கல்லில் என்ன எழுதுவது என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்கு எந்த அலுவலகமும் அத்தாட்சி கேட்பதில்லை. இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று வாரம் கடிதம் எழுதினேன்.

"இதை அவர் இருக்கேக்க அவருக்குச் சொன்னனீங்களோ அண்ணை?"

இல்லை என்றேன்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டார். அந்தச் சமையலறையில் நான் அமர்ந்திருந்த அளவு நேரம் எந்த நீதிமன்றத்திலும் எனக்கு நீண்டதில்லை. உமது "என்னை வைச்சு" என்ற சொல்லுக்கு முன்னால் நான் இன்னும் அந்தத் திரையரங்கில்தான் இருக்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது; நீர் என் முகத்தைப் பார்க்கிறீர். ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அதற்குத் தண்டனையும் இல்லை, முத்திரையும் தேவையில்லை. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே, நான் பின்வருமாறு உறுதி கூறுகிறேன். இவருடைய ஞானஸ்நானத்தில் நான் இருக்கவில்லை. இவருடைய தாயை நான் கண்டதில்லை. இவருடைய பெயரைக் காட்டும் ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை. இவர் தன் பெயரென்று என்னிடம் சொன்ன சொல் சுத்தமானது. அதற்கு நான் நிற்கிறேன். அந்தப் பெயரை, அது நிற்க வேண்டிய இடம் கல் என்பதால், இம்மடலில் அல்லாமல் இணைத்துள்ள கல் மாதிரித் தாளில், அச்சிட்டிருந்த பெயரைக் கோடிட்டு நீக்கி, என் கையால் எழுதியுள்ளேன். இந்தக் கூற்றுக்குச் சட்ட வலு இல்லை என்பதையும், இது கேட்கப்பட்ட நாளில் கொடுக்கப்படவில்லை என்பதையும் அறிந்தே ஒப்பமிடுகிறேன்.

ஒப்பம்: சி. தர்மகுலேந்திரன்

சாட்சிகள் (மறுநாள் வெள்ளிக்கிழமை ஒப்பமிட்டவர்கள்):
செல்வராணி, மனைவி
அனா, மகள். தாளில் நான் எழுதிய பெயரைத் தகப்பன் பெயராகத் தன் பெயருக்குப் பின்னால் எழுதி ஒப்பமிட்டார்.