மல்லாங்கிணற்றுக் கண்மாயில் நீ தேடாத டப்பா

கோபப்படவே தெரியாத என் தம்பி செல்வத்துக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். உன்னைத் திட்டியதெல்லாம் நாலு பேர் முன்னால்தான் திட்டினேன். அதனால் இதையும் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்தால் உனக்குத் தலைத்திவசம். அம்மா ஆமத்தூரில்தான் இருக்கிறாள். நூறு நாள் வேலைக்குப் போய் வருகிறாள். நீ டெங்குக் காய்ச்சலில் போனதிலிருந்து, கொசுவலை இல்லாமல் அந்த வீட்டில் யாரையும் படுக்க விடுவதில்லை. நீ வேலை பார்த்த அச்சுக் கம்பெனியில் இந்த வருடமும் ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டார்கள். உன் மெஷினில் வேறு ஒருவர் நிற்கிறாராம். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசன், பேக்கிங்கில் நிமிர நேரமில்லை.

நீ காய்ச்சலில் படுத்த மூன்றாம் நாள் அம்மா எனக்குப் போன் செய்தாள். காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டேன். நான் வந்து சேர்ந்தபோது நீ கண் திறக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

போன வைகாசியில் காதர் என் வீட்டுக்கு வந்தார். விருதுநகர் பஜாரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற உன் சிநேகிதன் காதர்தான். அவரோடுதான் நீ டப்பா தேட அலைவாய் என்பதால், எனக்கு அவரையும் பிடிக்காது. ஜியோகேச்சிங் என்று நீ பெயர் சொன்னாலும் நான் டப்பா தேடுகிற பைத்தியம் என்றுதான் சொல்வேன். யாரோ ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைப்பார்களாம், இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார்களாம், நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய் அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற சீட்டில் பெயரை எழுதிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டு வருவீர்களாம். எடுத்துக்கொண்டாவது வந்தால் ஒரு அர்த்தம் இருக்கும்.

காதர் வந்தது ஒரு அனுமதி கேட்க. நீ ஒளித்து வைத்த இரண்டு டப்பாக்களில் ஈரம் ஏறிவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்களாம். வைத்தவன் கவனிக்காவிட்டால் இணையத்தில் அந்த டப்பாவுக்கு இருக்கிற பக்கத்தை மூடிவிடுவார்களாம். "செல்வம் வச்சது மூடிப் போயிரக் கூடாதுக்கா. நான் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். சரி என்றேன். கிளம்புகிறவர், "அவன் பக்கத்த ஒரு தடவ பாக்கீகளா?" என்று போனை நீட்டினார்.

உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத எவ்வளவோ அந்தப் பக்கத்தில் இருந்தது. வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். எந்தத் தேதியில் டப்பா கிடைத்ததோ அந்தக் கட்டத்தில் நிறம். ஊருக்கெல்லாம் காலண்டர் அடித்துக் கொடுத்தவனுக்குத் தனியாக ஒரு காலண்டர். அதில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஏறக்குறைய வெறுங்கட்டம். உன் சீசன் என்று காதர் சொல்லாமலே புரிந்தது. ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நீ தூங்கிய மாதங்கள் அவை. கிழமைவாரியாக இன்னொரு படம் இருந்தது. அதில் ஞாயிறு மட்டும் நிமிர்ந்து நின்றது, மற்றதெல்லாம் தரையோடு தரை.

பிறகு ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள். கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒரு பக்கம், போய்ச் சேர்வது எவ்வளவு கஷ்டம் என்பது இன்னொரு பக்கம். "இதப் பாத்துத்தான்க்கா அடுத்து எங்கன போறதுன்னு முடிவு பண்ணுவான். 'பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே சுத்துறோம் காதரு, மலைக் கட்டம் பூராம் காலியாக் கெடக்கு'ம்பான்." அப்படித்தான் நீ மலைப்பக்கம் போக ஆரம்பித்தாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முன் நீ கடைசியாக வந்தவர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் படித்துவிடுவாயாம். வரிசையாக மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் பஸ் ஏற மாட்டாயாம். மேலேயிருந்து எடுத்த படத்தில் பாதையைப் பார்த்து, சிக்னல் இல்லாத இடத்துக்கு எல்லாவற்றையும் முன்பே போனில் இறக்கிக்கொள்வாயாம். உனக்குக் கிடைக்காமல் போனால் அதையும் தவறாமல் எழுதிவிடுவாயாம். "எங்கள்ல பாதிப் பேரு அத எழுத மாட்டோம்க்கா. வெக்கமா இருக்கும். அவன்தான், 'நாம எழுதலன்னா அடுத்து வாறவன் பாவம், வீணா அலைவான்'னு சொல்லுவான்" என்றார் காதர்.

நான் அவர் பேச்சை முழுதாகக் கேட்கவில்லை. என் கண் ஒரே ஒரு தேதியைத் தேடிக்கொண்டிருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நடந்த தேதி.

உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. ஆனாலும் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காலண்டர் சீசன் முடிந்து உன் கம்பெனி லீவு விட்டிருந்த தை மாதம் அது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் தனியாக இருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி. நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் டப்பா தேடிக்கொண்டிருந்தாய். வந்ததும் நீயாகத்தான், சிக்னல் கிடைத்த பிறகு வந்த தவறிய அழைப்பு மெசேஜோடு போனை என் முன்னால் நீட்டினாய். "அப்பா மூணு தடவ கூப்பிட்டிருக்காருக்கா. எனக்கு அங்கன சிக்னலே இல்லக்கா" என்று அழுதாய். நான் உன்னைக் கட்டிப் பிடித்து அழுதிருக்க வேண்டும். "பெத்தவன் சாகுறப்ப டப்பா தேடுன பய நீ. எந்த மொகத்தோடலே உருமா கட்டப் போற?" என்று கேட்டேன். கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் கேட்டேன்.

உருமா கட்டுவது என்றால் நம் பக்கத்தில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். இனி அப்பா இடத்தில் நீ என்று சொல்லி, இறந்தவரின் மகன் தலையில் தாய்மாமன் கட்டுகிற துண்டு. பதினாறாம் நாள் மாமா புதுத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ வரவில்லை. பந்தி முடிந்து, பந்தல்காரர்கள் கம்பு பிடுங்க வந்த பிறகுதான் காலெல்லாம் கண்மாய்க் கரம்பை மண்ணாக வாசலில் வந்து நின்றாய். "இன்னைக்குமாலே டப்பா தேடப் போன?" என்றேன். "அங்கனதான்க்கா போயிருந்தேன்" என்றாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அன்றிலிருந்து உன்னோடு பேச்சை நிறுத்தினேன்.

காதரின் போனில் அந்தத் தேதிக் கட்டம் வெறுமையாக இருந்தது.

அப்படியானால் நீ போகவில்லை. பொய்யாக ஒத்துக்கொண்டிருக்கிறாய். என் தம்பி அன்றைக்கு விளையாடப் போகவில்லை என்று காதரிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அக்கா, இது கிடைச்சதுக்கு மட்டுந்தான். கிடைக்காதது இதுல ஏறாது" என்றார்.

வேறொரு பக்கத்தைத் திறந்தார். மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரையில் அவர் வைத்த டப்பாவின் பக்கம். அப்பா இறப்பதற்குச் சில நாள் முன்புதான் வைத்தாராம். குழந்தைகூடக் கண்டுபிடிக்கிற சுலபமான டப்பாவாம். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். அந்தத் தேதியில் உன் பெயர் இருந்தது. பக்கத்தில் 'கிடைக்கவில்லை' என்பதற்கான நீல முகம். அதன் கீழே நீ தமிழில் எழுதியிருந்தாய்: "வந்தேன். தேடவில்லை. இன்றைக்கு எனக்கு எதுவும் கிடைக்கக் கூடாது."

டப்பாவை வைத்தவருக்கு இதெல்லாம் உடனே மெயிலில் வந்துவிடுமாம். காதர் அன்றைக்கே படித்திருக்கிறார். மறுநாள் போய்ப் பார்த்தால் டப்பா வைத்த இடத்திலேயே இருந்ததாம். "அக்காட்ட நான் வந்து சொல்லுதேன்னேன். வேண்டாம்னுட்டான். 'அவ சொன்னது சரிதான்'னுட்டான். அதுக்கப்புறம் ஒரு டப்பா தேடலக்கா. எம்புட்டோ கூப்பிட்டுப் பாத்தேன்." கடைசியாகக் கிடைத்த நாள் என்று உன் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அது அப்பா இறந்த நாள். அதற்குப் பிறகு நீ எழுதியது அந்த மூன்று வாக்கியம் மட்டும்தான். நீ டப்பா தேடி ஊர் சுற்றுகிறாய் என்று நான் சொல்லித் திரிந்த மாதங்களில் நீ எங்கேயுமே போகவில்லை.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. காதர் என் போனில் அந்த விளையாட்டுக்கு எனக்கென்று ஒரு பெயர் போட்டுக் கொடுத்தார். நீ செய்வதுபோல அந்த டப்பாவைப் பற்றி எல்லாரும் எழுதியதை உட்கார்ந்து படித்தேன். மேலேயிருந்து எடுத்த படத்தில் கரையையும், அதன் மேல் ஒற்றை வேப்பமரத்தையும் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகப் போனேன்.

போன் காட்டிய இடத்தில், மரத்தின் வேர் இடுக்கில், வெடிமருந்து வைத்துக் கட்டியதுபோல் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன டப்பா. பட்டாசுக் கம்பெனிக்காரி அதில் கை வைப்பாளா? பத்தடி பின்னால் போனேன். பாட்டில் தண்ணீர் முழுவதையும் தூரத்திலிருந்தே அதன் மேல் விசிறியடித்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்து, குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். மூடி சரியாக மூடவில்லைபோல, சீட்டெல்லாம் நனைந்துவிட்டது. காதரிடம் சொன்னால் சிரிப்பார். நீ இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது, அது நிற்கும்போது அழுகையாக இருந்தது.

சீட்டு காயும் வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். கண்மாயில் தண்ணீர் இல்லை. அந்தக் கரிசலில்தான் நீ காலை முதல் பந்தி முடியும் வரை உட்கார்ந்திருந்தாயா? சாப்பிட்டாயா? மாமா துண்டோடு காத்திருப்பது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் ஒரு போன் செய்து, வாலே என்று கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய்தானே?

சீட்டில் உன் பெயரை எழுத ஆசையாக இருந்தது. வந்தவர்கள் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று காதர் சொல்லியிருந்தார். என் பெயரை எழுதினேன். பிறகு போனில் 'கிடைத்தது' என்று பதிய வேண்டும். என்னால் முடியவில்லை. இன்று வரை பதியவில்லை.

ஏனென்றால், எனக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது, தம்பி.

எங்கள் கம்பெனியில் வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்பா இறந்த அன்றைக்குச் செய்தி வந்து நான் கேட்டுக்கு ஓடிப்போய் என் போனை வாங்கினேன். அதில் அப்பா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து நீ உன் போனைக் காட்டி அழுதபோது, அதில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். அப்பா முதலில் கூப்பிட்டது என்னை. நான் எடுக்காத பிறகுதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நீ உன் போனை எல்லாரிடமும் காட்டினாய். நான் கொல்லைப்பக்கம் போய் என் போனில் இருந்ததை அழித்தேன். அழித்துவிட்டு வந்துதான் உன்னைத் திட்டினேன். எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்த நேரத்தில் என் புத்திக்குப் பட்டிருக்கிறது. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள உன் மேல் கோபம்தான் அதிகமானது. உன்னைப் பார்த்தால் எனக்கு அந்த இரண்டு அழைப்பும் ஞாபகம் வரும். அதனால்தான் உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

உன் போனில் சிக்னல் இல்லை. என் போன் கேட்டில் இருந்தது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று அன்றைக்கே சேர்ந்து அழுதிருக்கலாம். உனக்கு அந்த வழியை நான் அடைத்துவிட்டேன்.

உன் திவசத்துக்கு மாமா வருகிறார். அப்பாவின் பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும் நானே நேரில் போய் அழைத்திருக்கிறேன். படையல் போடுவதற்கு முன், அம்மாவையும் உட்கார வைத்து, அந்த வாசலிலேயே நின்று சொல்வேன். எந்தப் பிள்ளையை அப்பா முதலில் கூப்பிட்டார் என்று சொல்வேன். நீ கண்மாய்க்கரையில் எழுதியதையும் வாசித்துக் காட்டுவேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிடலாம். நிறுத்தட்டும், எத்தனை வருடமானாலும் பொறுத்துக்கொள்கிறேன். அதைச் சொல்லிவிட்டு வந்துதான் அந்த டப்பா கிடைத்ததாகப் பதிவேன்.

மன்னிப்பாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே சரிக்கா என்றுவிடுவாய்.

அப்பா முதலில் கூப்பிட்டும் எடுக்காதவள்,
உன் கூடப்பிறந்த அக்கா
பாக்கியம்