விண்ணப்பத்தில் ஒட்டிய படம்

யேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
02.02.2003

அன்பான பேத்தி ஜெனீற்றாவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்காக மாதாவை மன்றாடுகிறேன்.

முதலில் எங்கள் பிள்ளைகளின் புதினம். உன் அண்ணன் ஜெனுஷனுக்குக் கனடாவில் ஒரு பெரிய களஞ்சியத்தின் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்களாம். அவனுக்குக் கீழே முப்பது பேர். றஞ்சனி மட்டக்களப்பில் தலைமைத் தாதி. அன்ரனிதாசின் சின்னவள் கணக்கியல் சோதனையில் முதலாவதாக வந்திருக்கிறாள். எல்லாருக்கும் மேலே நீ, கொழும்புக் கொம்பனியில் நிர்வாக உத்தியோகத்தர். வலை இழுத்த வீட்டில் இருந்து இவ்வளவு பேர்.

நிர்வாகம் என்றால் என்ன வேலை என்று பிலோமினா கோயிலடியில் கேட்டாள். "தோணியள் வைச்சிருக்கிற சம்மாட்டியார் கடலுக்குப் போறேல்லை. ஆனால் எந்தத் தோணி எப்ப போகுது, ஆர் வரேல்லை, எந்த வலை கிழிஞ்சது, எல்லாம் அவருக்குத் தெரியும். என்ரை பேத்திக்கு அந்த வேலைதான்" என்றேன். பிழையென்றால் எழுது. நான் ஐந்தாம் வகுப்புத்தானே.

ஞாயிறுப் பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களை வெட்டிக் கொப்பியில் ஒட்டுகிறேன். ஹோட்டலுக்கு முகாமையாளர், வங்கிக்கு, காப்புறுதிக்கு, தேயிலைக் கொம்பனிக்கு, ஆஸ்பத்திரிக்கு. எத்தனை இடத்தில் உன்னைப் போன்ற பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு கதிரையிலும் உன்னை இருத்திப் பார்ப்பேன்.

மூன்று மாதமாக உன் கடிதம் இரண்டு வரிதான். வேலை கூடவோ?

அம்மம்மா
மரியநாயகி


வெள்ளவத்தை
20.02.2003

அன்பு அம்மம்மாவுக்கு,

நீங்கள் பிலோமினா ஆச்சிக்குச் சொன்னது பிழையில்லை. என் மேலதிகாரிகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆனால் எனக்கு இப்போது மேலதிகாரி இல்லை. கொம்பனியை நவம்பரில் மூடிவிட்டார்கள்.

உங்கள் கொப்பியில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் நானும் விண்ணப்பித்தேன். ஹோட்டலில் சிங்களம் போதாது என்றார்கள். காப்புறுதியில் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்துவிட்டு, பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். வங்கியில், தனியாக எதை நடத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இன்னும் பதிலே இல்லை.

ஏப்ரலுக்குள் ஒன்றும் சரிவராவிட்டால் உடுப்புக்கடையில் விற்பனைக்கு நிற்கப்போகிறேன். ஊரில் ஒருவருக்கும் சொல்லாதேங்கோ. வெட்கமாக இருக்கிறது.

ஜெனீற்றா


யேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
09.03.2003

என் பிள்ளைக்கு,

வெட்கம் கொம்பனியை மூடினவனுக்கு. உனக்கு என்ன வெட்கம்? நான் மாதாவுக்கு மட்டும்தான் சொன்னேன்.

உன்னைக் கேளாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபிக்காதே. எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் ஐஸ் தொழிற்சாலை திறக்கப்போகிறது. முகாமையாளர் தேவை என்று கோயில் பலகையில் அறிவித்தல். நான் கண்டபோது முடிவுத் திகதிக்கு ஒரு நாள்தான். உன் சான்றிதழ்ப் பிரதிகள் என் அலுமாரியில் இருந்தன. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.

படமும் ஒட்டவேண்டும் என்று இருந்தது. சுவரில் கிடந்த குடும்பப் படத்தைக் கழற்றி, உன்னை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினேன். உன் தோளில் கிடந்த ஜெனுஷனின் கையும் சேர்ந்து வந்துவிட்டது. கையெழுத்து இடத்தைத் தொடவில்லை. அது நீதான் வைக்கவேண்டும்.

சங்கத் தலைவர் வின்சன்ற் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, முகாமையாளர் ஒராளைத்தான் கேட்டனாங்கள். இதில மூண்டாவது கையும் கிடக்குது."

"நடத்திற ஆளுக்கு ரண்டு கை காணாது தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேர்முகப் பரீட்சை 28ஆம் திகதி. வருவதும் விடுவதும் உன் விருப்பம். வந்தால் எனக்குக் கிட்ட இருப்பாய் என்ற ஆசையும் இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன்.

அம்மம்மா


வெள்ளவத்தை
05.04.2003

அன்பு அம்மம்மாவுக்கு,

நேர்முகத்துக்கு உங்களோடு கோபித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனால் சங்கத்தில் அவர்கள் காட்டிய திட்டத்தில் அலுவலகம் காலை எட்டு மணிக்குத் திறப்பதாக இருந்தது. தோணிகள் ஐந்து மணிக்கு வருகின்றன, மூன்று மணித்தியாலம் மீன் எங்கே கிடக்கும் என்று கேட்டேன். நாலரைக்குத் திறக்கவேண்டும், ஆட்களை இரண்டு வேலைமுறையாகப் பிரிக்கவேண்டும் என்று தாளில் கீறிக் காட்டினேன். வேலை எனக்குத்தான் என்றார்கள்.

அறையை விடுவதற்காக இங்கே வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. அங்கேயும் வங்கியில் கேட்ட அதே கேள்வி. இன்னும் எதையும் தனியாக நடத்தவில்லை என்று சொல்லி, ஐஸ் தொழிற்சாலைக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெரிய டொக்டர், எங்கள் மருந்தகத்துக்கும் இப்படி ஒரு தாள் கீறித் தருவீரோ என்றார். நிர்வாக உத்தியோகத்தர் வேலை தருகிறார்கள். இந்த மாதம் 28ஆம் திகதி பொறுப்பெடுக்கவேண்டும்.

எனக்கு இதுதான் விருப்பம். ஆனால் நீங்கள் வா என்றால் வருவேன். ஒரு சொல் எழுதுங்கோ.

ஜெனீற்றா


யேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
13.04.2003, குருத்து ஞாயிறு

என் தங்கப் பேத்திக்கு,

பூசை முடிந்ததும் சங்கத்துக்கு நானே போய் உனக்காக மன்னிப்புக் கேட்டேன். வின்சன்றுக்குக் கவலைதான். நேர்முகத்துக்கு வந்த வேறொரு பொடியனை எடுக்கப்போகிறார்கள். ஆனால் திறக்கும் நேரம் நாலரை என்று பலகையில் எழுதியாயிற்று. உன்னுடைய நேரம் அது. தினமும் விடிய நினைத்துக்கொள்வேன்.

நேர்முகத்தன்று நான் ஜன்னலடியில் நின்றனான். உனக்குத் தெரியாது. மற்றவர்கள் தங்கள் படிப்பைச் சொன்னார்கள். நீதான் மீனைப் பற்றிக் கேட்டாய். ஐந்து ஆம்பிளைகளும் உன் தாளைக் குனிந்து பார்த்ததை உன் அம்மப்பா பார்த்திருக்கவேண்டும்.

கிட்ட வா என்று ஆசைப்பட்டது உண்மை. அதற்காக நீ வராதே. ஆஸ்பத்திரிக்குப் போ.

விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தைத் திருப்பித் தர ஏலாதாம். மற்றக் கடதாசிகளோடு சங்கத்தின் கோவையில் போட்டுவிட்டார்கள். சுவரில் குடும்பப் படம் திரும்பவும் தொங்குகிறது. உன் இடத்தில் சதுரமாக ஓட்டை, பின்மட்டை தெரிகிறது. ஜெனுஷன் ஒரு கை இல்லாமல் நிற்கிறான். வருகிறவர்கள் கேட்டால், "அவள் வேலைக்குப் போயிட்டாள்" என்கிறேன்.

பொறுப்பெடுத்த அன்றே, மேசையும் கதிரையும் தெரிய ஒரு புதுப்படம் எடுத்துப் பதிவுத் தபாலில் போட்டுவிடு.

அம்மம்மா
மரியநாயகி