நாலாயிரம் ‘மன்னிக்கவும்’

மார்ச் 3, திங்கள்
ஆஸ்பத்திரிக்கு ஒரு போர்டு எழுதினேன்: ‘லிஃப்ட் பழுது. மன்னிக்கவும்.’ இந்தச் சொல்லை என் பிரஷ் நாலாயிரம் தடவை எழுதியிருக்கும். படித்தது ஆறாவது வரைக்கும்தான். இருந்தாலும் இதன் அர்த்தம் எந்த வாத்தியாருக்கும் என்னளவு தெரியாது. லிஃப்டில் எழுதினால் ‘படியேறு’. ரோட்டில் எழுதினால் ‘சுற்றிக்கொண்டு போ’. கவுண்ட்டரில் எழுதினால் ‘நாளைக்கு வா’. மன்னிப்புக் கேட்கிற ஆளை மட்டும் எந்த போர்டுக்குப் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

பெரிய டாக்டரே இறங்கி வந்து, “என்ன எழுத்துய்யா!” என்று அசந்து நின்றார். டாக்டரோ, கம்பவுண்டரோ. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்.

மார்ச் 4
வேலை இல்லை. அந்த எழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மார்ச் 6
“உங்க தங்கச்சி கடை போர்டுக்கு கோணக்கையனைக் கூப்பிட்டிருக்காங்களாம்” என்றாள் வீட்டுக்காரி.

நான் உயிரோடு இருக்கேன், என் தங்கச்சி கடைக்கு அந்தக் கோணல் எழுத்துப் பெயிண்டர் எழுதுறதா? சோறு இறங்கவில்லை. இரண்டு தடவைதான் போட்டுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். எட்டு மாதம் முன்பு அவள் தையல் கடைக்கு நான்தான் போர்டு எழுதினேன். கடைப் பெயர் ஒரு சாண். அதன் கீழே என் பெயரும் போன் நம்பரும் ஒரு முழம். கலைஞன் கையெழுத்துப் போட வேண்டாமா? துணி தைக்க வந்தவர்கள் பெயிண்ட் கடை என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். ஒருவன் உள்ளே போய், லாரிக்கு நம்பர் எழுதணும் என்றானாம். அவள் அழுகிற மாதிரி வந்து சொன்னாள். நான் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன்?

மறுநாளே துண்டுத் துணிகளைச் சேர்த்து ஓர் உறை தைத்து போர்டை மூடிவிட்டாள். உறை கச்சிதம். எங்கள் குடும்பக் கை அப்படி. பேச்சு மட்டும் நின்றுபோனது.

மார்ச் 7
யோசனை வந்துவிட்டது! ஆறடித் தகடு. சிவப்பில் ‘மன்னிக்கவும்’, சுற்றிலும் தங்கக் கரை. அவள் கடைக்கு எதிரே நட்டுவிட வேண்டியது.

“அங்கயும் லிஃப்ட் பழுதுன்னு நினைச்சுக்குவாங்க. வாயால சொன்னா பல்லு கொட்டிடுமா?” என்கிறாள் வீட்டுக்காரி.

நாலாயிரம் தடவை எழுதியவனுக்கு ஒரு தடவை சொல்ல வராதா?

மார்ச் 8
வரவில்லை. கடை வாசல்வரை போய்த் திரும்பினேன்.

மார்ச் 9, ஞாயிறு
காலையிலேயே ஏணியோடு போனேன். உறையைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, கடைப் பெயரை ஒரு முழத்தில் எழுதினேன். கோணக்கையன் பார்த்தால் பிரஷ்ஷை உடைத்துப் போட்டுவிடுவான்.

தங்கச்சி வந்து கீழே நின்றாள். ஏணி மேலிருந்தே சொன்னேன்: “தப்பு என்னோடதும்மா. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது.” அந்தச் சொல் மட்டும் வாயில் வரவேயில்லை. போர்டில்தான் அதற்கு மவுசு.

போர்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உன் பேரு எங்கண்ணே?” என்றாள்.

“வேணாம்மா.”

உள்ளே போய் அளவு டேப்பும் தையல் சாக்குக்கட்டியும் எடுத்து வந்தாள். என்னை இறக்கிவிட்டு அவளே ஏறி, மூலையில் அரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டாள்.

“போட்டுக்கோ. இதைத் தாண்டினே, விரலை வெட்டிடுவேன்.”

அரை அங்குலம்! அதற்குள் என் முழுப் பெயரையும் நிறுத்திவிட்டேன். இவ்வளவு சின்னதாக எழுத வேறு எவனால் முடியும்? நாலு தடவை ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்தேன்.

தெரியவேயில்லை.